காவலர் பட்டியலில் இருக்கிறார், ஸ்டேஷனில் இல்லை: ஒரு புரதம் காணாமல் போன கதை

1. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்னு பயாப்சி ரிசல்ட் வந்த பிறகு ஓ.பி.யில் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "நான் என்ன தப்பு பண்ணேன் டாக்டர்?" கூட வந்தவர் முகத்தில் வேறொரு கேள்வி இருக்கும். வாய் விட்டுக் கேட்க மாட்டார். "இது யார்கிட்ட இருந்து வந்துச்சு?"

2. இந்த இரண்டு கேள்விக்கும் ஓ.பி.யின் மூணு நிமிஷத்தில் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இங்கே நீளமாக எழுதுகிறேன். கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் அறிவியல். டீ, காபி எதுவானாலும் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள் மக்களே.

3. கதை 1842-ல் ஆரம்பிக்கிறது. இத்தாலியின் வெரோனா நகரில் ரிகோனி ஸ்டெர்ன் என்ற மருத்துவர் அந்த ஊரின் பல பத்தாண்டு கால மரணப் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். கர்ப்பப்பைப் புற்றுநோய் மணமான பெண்களிடம் அதிகம், கன்னியாஸ்திரிகளிடம் மிக அரிது என்பதைக் கவனித்தார். தாம்பத்தியத்துக்கும் இந்த நோய்க்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்ற சந்தேகம் அங்கிருந்து வந்தது.

4. அந்தச் சந்தேகம் நூறு வருஷத்துக்கும் மேலாகப் பதில் இல்லாமலே கிடந்தது. நடுவில் பெண்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த மட்டும் நன்றாகப் பயன்பட்டது. "சுத்தமா இல்லாததால வந்தது", "ஒழுக்கம் சரியில்ல" என்கிற பேச்சு இன்றுவரை ஓயவில்லை. கிருமி எது என்றே தெரியாத காலத்தில் பிறந்த பேச்சு அது.

5. 1951-க்கு வருவோம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண், ஐந்து குழந்தைகளின் தாய், ரத்தப்போக்குடன் வருகிறார். கர்ப்பப்பை வாயில் கட்டி. ரேடியம் சிகிச்சை கொடுக்கிறார்கள். அப்போது அவர் அனுமதி கேட்காமலே கட்டியிலிருந்து ஒரு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள்.

6. அதே ஆண்டு அக்டோபரில், 31 வயதில், ஹென்ரியட்டா இறந்துபோனார். அவருடைய செல்கள் சாகவில்லை. ஆய்வகக் குப்பியில் ஒரு நாளில் இரட்டிப்பாகிக்கொண்டே இருந்தன. அவர் பெயரின் முதல் எழுத்துக்களைச் சேர்த்து ஹீலா செல்கள் என்று பெயர் வைத்தார்கள். போலியோ தடுப்பூசி ஆராய்ச்சி முதல் இன்றுவரை உலகெங்கும் ஆய்வகங்களில் அவை வளர்கின்றன. அவர் குடும்பத்துக்கு இது தெரியவந்ததே இருபதாண்டுகளுக்கும் மேலான பிறகுதான்.

7. இந்தச் செல்கள் ஏன் சாகவே மாட்டேன் என்கின்றன? அதற்கான பதில் அந்தச் செல்களுக்குள்ளேயே முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தது. யாரும் பார்க்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவோம்.

8. இப்போது வேறொரு ஊர், வேறொரு கேள்வி. நம் உடம்பு புரதங்களை எப்படிக் கட்டுகிறது என்று அந்தக் காலத்தில் எல்லோரும் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். எப்படி உடைக்கிறது என்று கேட்க ஆளில்லை. உடைக்கிறதுல என்ன பெரிய விஷயம், பழசானால் தானா உடையும் என்ற நினைப்பு.

9. ஆனால் ஒரு விஷயம் இடித்தது. செல்லுக்குள் புரதத்தை உடைக்க ஆற்றல் செலவாகிறது. கட்டடம் கட்டக் காசு வேண்டும், சரி. தானா விழுகிற சுவருக்கு எதுக்குக் காசு? அப்படியானால் அது தானாக விழவில்லை, யாரோ முடிவெடுத்து இடிக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

10. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் டெக்னியான் கல்வி நிறுவனத்தில் ஆவ்ரம் ஹெர்ஷ்கோவும் அவருடைய மாணவர் ஆரோன் சீக்கானோவரும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இருந்த இர்வின் ரோஸ் கூட்டுச் சேர்ந்தார். அவர்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது முயலின் இளம் சிவப்பணுக்களை. அதை உடைத்து எடுத்த சாற்றில் புரதங்கள் உடைவதைச் சோதனைக்குழாயிலேயே பார்க்கலாம்.

11. அந்தச் சாற்றைப் பிரித்துப் பார்த்ததில் ஒரு சின்னப் புரதம் கிடைத்தது. அதில்லாமல் உடைக்கும் வேலையே நடக்கவில்லை. சுவாரஸ்யம் என்னவென்றால், கொதிக்க வைத்தாலும் அது கெடவில்லை. 1980-ல் அதன் வேலை புரிந்தது. அது உடைக்கிற கத்தி இல்லை. உடைக்கப்பட வேண்டிய புரதத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்கிற அடையாளச் சீட்டு.

12. பார்த்தால் அது பழைய ஆள்தான். 1975-லேயே கிடியன் கோல்ட்ஸ்டீன் குழுவினர் கண்டுபிடித்து, எங்கே தேடினாலும் இருக்கிறதே என்று 'எங்கும் இருப்பது' என்ற பொருளில் யுபிக்விட்டின் என்று பெயர் வைத்திருந்தார்கள். 76 அமினோ அமிலங்கள்தான். ஈஸ்ட்டிலும் இருக்கும், மனிதனிலும் இருக்கும். என்ன வேலை செய்கிறது என்பது மட்டும் தெரியாமல் இருந்தது.

13. புரிகிற மாதிரி சொல்கிறேன். நாலுவழிச் சாலை போடும்போது ரோட்டோரப் புளியமரங்களில் பெயிண்ட் அடித்து நம்பர் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம்பர் விழுந்த மரம் அடுத்த வாரம் இருக்காது. யுபிக்விட்டின்தான் அந்தப் பெயிண்ட். மரத்தை அறுக்கிற மெஷின் செல்லுக்குள் புரோட்டியசோம் என்ற ஒரு பீப்பாய்.

14. மெஷின் எந்த மரம் என்று யோசிக்காது. பெயிண்ட் இருந்தால் அறுக்கும், அவ்வளவுதான். ஆகவே முழு அதிகாரமும் எந்த மரத்தில் பெயிண்ட் அடிப்பது என்று தீர்மானிக்கிற ஆளிடம் இருக்கிறது. அந்த ஆளுக்கு யுபிக்விட்டின் லைகேஸ் என்று பெயர். மனித உடலில் இப்படி 600-க்கும் மேற்பட்ட பெயிண்ட்காரர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பட்டியல்.

15. இந்த வேலைக்காக ஹெர்ஷ்கோ, சீக்கானோவர், ரோஸ் மூவருக்கும் 2004-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. அது பின்னால். 1980-ல் இதைப் புற்றுநோயோடு சேர்த்து யோசித்தவர்கள் மிகக் குறைவு.

16. மூன்றாவது இழை. 1979-ல் பல ஆய்வகங்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தன. பெயர் பி53. புற்றுநோய் செல்களில் நிறைய இருந்ததால் இதுதான் வில்லன் என்று பத்து வருஷம் நம்பினார்கள். 1989-ல்தான் உண்மை தெரிந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது கெட்டுப்போன பி53-ஐ. நல்ல பி53 வில்லன் இல்லை, காவலர்.

17. செல்லின் டி.என்.ஏ.வில் அடிபட்டால் பி53 வந்து நிற்கும். "பழுது பார்த்துட்டு அப்புறம் இரட்டிப்பாகு" என்று நிறுத்தி வைக்கும். பழுது பார்க்க முடியாத அளவு என்றால் செல்லையே தற்கொலை செய்ய வைக்கும். மனிதர்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்த ஒரு மரபணு கெட்டுப்போயிருக்கிறது. அவ்வளவு முக்கியமான ஆள்.

18. இங்கேதான் புதிர். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் செல்களை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் பி53 மரபணு நல்லா இருக்கு. ஒரு எழுத்து மாறவில்லை. ஆனால் அந்த மரபணு செய்கிற புரதத்தைத் தேடினால் பேருக்குத்தான் இருக்கிறது. சம்பளப் பட்டியலில் காவலர் பெயர் இருக்கிறது, ஸ்டேஷனில் ஆளைக் காணோம். எங்கே போனார்?

19. இனி நான்காவது இழை. ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசன். 1970-களில் இந்தப் புற்றுநோய்க்கு ஹெர்பிஸ் வைரஸ்தான் காரணம் என்று பெரும்பாலானோர் நம்பினார்கள். சூர் ஹவுசன் தேடிப்பார்த்து "கட்டிகளில் ஹெர்பிஸ் டி.என்.ஏ. இல்லை" என்றார். மருவுக்குக் காரணமான பாப்பிலோமா வைரஸ், அதாவது எச்.பி.வி., தான் காரணமாக இருக்கும் என்று சொன்னார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

20. அவர் விடவில்லை. 1983-ல் அவர் குழு கட்டிகளிலிருந்து எச்.பி.வி. 16 வகையையும், அடுத்த ஆண்டு 18 வகையையும் பிரித்தெடுத்தது. உலகில் வரும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த இரண்டு வகைகள்தான் காரணம். 2008-ல் அவருக்கு மருத்துவ நோபல்.

21. 1985-ல் அதே குழு ஹீலா செல்களைத் திறந்து பார்த்தது. உள்ளே எச்.பி.வி. 18! ஹென்ரியட்டா லாக்ஸ் இறந்து 34 வருஷம் ஆன பிறகு அவரைக் கொன்றது எது என்று தெரிந்தது. வைரஸின் முழு மரபணுத் தொகுப்பும் அங்கே இல்லை. ஆனால் ஈ6, ஈ7 என்ற இரண்டு மரபணுக்கள் மட்டும் விடாமல் வேலை செய்துகொண்டிருந்தன. மற்றது போனாலும் இந்த இரண்டையும் கட்டி விட்டுக்கொடுக்கவே இல்லை.

22. இப்போது எல்லா இழைகளும் ஒரே இடத்துக்கு வருகின்றன. 1990, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம். பீட்டர் ஹௌலியின் ஆய்வகம். வைரஸின் ஈ6 புரதம் நம் பி53-ஐப் பிடித்துக்கொள்கிறது என்று முதலில் கண்டார்கள். பிறகு மார்ட்டின் ஷெஃப்னர் அடுத்த படி போனார். பிடித்தது மட்டுமில்லை, பி53 உடைந்து காணாமலே போகிறது. எந்தச் சாற்றில் இந்தச் சோதனை நடந்தது தெரியுமா? ஹெர்ஷ்கோ பயன்படுத்திய அதே முயல் சிவப்பணுச் சாறு. உடைக்கும் வழியும் அதே யுபிக்விட்டின் வழி.

23. ஆனால் ஈ6 ஒரு சின்னப் புரதம். அதற்குப் பெயிண்ட் அடிக்கத் தெரியாது. அப்போ யார் அடித்தது? 1991-ல் ஜான் ஹூய்ப்ரெக்ட்சே, ஷெஃப்னர், ஹௌலி மூவரும் ஆளைப் பிடித்தார்கள். நம் செல்லுக்குள்ளேயே இருக்கிற ஒரு புரதம். ஈ6-ஓடு சேர்ந்திருப்பதால் ஈ6-ஏ.பி. என்று பெயர் வைத்தார்கள். ஈ6 இல்லாதபோது அது பி53 பக்கமே போவதில்லை. ஈ6 வந்தால் மூன்றும் சேர்ந்துகொள்கின்றன. 1993-ல் ஈ6-ஏ.பி. ஒரு யுபிக்விட்டின் லைகேஸ் என்பது உறுதியானது.

24. அதாவது பெயிண்ட்காரர் நம்மாளு. பெயிண்ட் நம்முடையது. அறுக்கிற மெஷினும் நம்முடையது. வைரஸ் வெளியிலிருந்து எந்த ஆயுதமும் கொண்டு வரவில்லை. பெயிண்ட்காரர் கையைப் பிடித்து, அவர் பட்டியலிலேயே இல்லாத ஒரு மரத்திடம் கூட்டிக்கொண்டு போனது. அவ்வளவுதான் அது செய்த வேலை. காவலர் பி53 தயாராகிக்கொண்டே இருக்கிறார், தயாரான கையோடு அறுபட்டுக்கொண்டே இருக்கிறார்.

25. ஒரு நுணுக்கம். சாதாரண செல்லிலும் பி53 அடிக்கடி உடைக்கப்படும். அதற்கு எம்.டி.எம்.2 என்ற வேறொரு பெயிண்ட்காரர் இருக்கிறார். ஆனால் டி.என்.ஏ.வில் அடிபட்டதும் அவர் கையை எடுத்துவிடுவார், பி53 பெருகிக் காவலுக்கு வரும். ஈ6 பிடியில் இருக்கிற ஈ6-ஏ.பி. அப்படிக் கையை எடுக்காது. அவசரக் காலத்திலும் காவலர் வர வழியில்லை. பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்.

26. வைரஸுக்கு இதில் என்ன லாபம்? புற்றுநோயால் அதற்கு ஒரு பைசா லாபமில்லை. தன் டி.என்.ஏ.வை நகலெடுக்க அதற்கு நம் செல் சுறுசுறுப்பாக இருக்க வேண்டும். அதற்காக ஈ7 செல்லின் பிரேக்கைக் கழற்றுகிறது. பிரேக் கழன்றால் காவலர் ஓடி வருவார். அவரைத் தடுக்க ஈ6. வைரஸின் சொந்தப் பிழைப்புக்கான ஏற்பாடு, பல வருஷம் நீடித்தால் நமக்குப் புற்றாக முடிகிறது.

27. மருவை மட்டும் உண்டாக்குகிற 6, 11 வகை எச்.பி.வி.யிலும் ஈ6 உண்டு. ஆனால் அவற்றின் ஈ6 பி53-ஐ இப்படி உடைக்க வைப்பதில்லை. எச்.பி.வி.யில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் இருந்தும் ஒரு டஜன் அளவு வகைகள்தான் ஆபத்தானவை. ஏன் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

28. சரி, காவலர் உண்மையிலேயே நல்லவராகத்தான் இருக்கிறாரா, திரும்பி வந்தால் வேலை பார்ப்பாரா? 2000-ல் யேல் பல்கலைக்கழகத்தில் டேனியல் டிமாயோ குழு ஹீலா செல்களில் ஈ6, ஈ7 இரண்டையும் அணைத்துப் பார்த்தது. பி53 திரும்பி வந்தது. கழற்றப்பட்ட பிரேக்கும் திரும்பியது. ஐம்பது வருஷமாக நிற்காமல் பெருகிய செல்கள் பெருகுவதை நிறுத்தி முதுமை அடைந்தன.

29. இதை முதல்முறை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஹென்ரியட்டாவின் உடம்பு அவரைக் கைவிடவில்லை. அவருடைய காவலர் கடைசிவரை நல்லவராகத்தான் இருந்தார். வேலை செய்ய விடவில்லை, அவ்வளவே.

30. "அப்போ ஈ6-ஏ.பி.யை மருந்து போட்டு நிறுத்திடலாமே டாக்டர்?" நல்ல கேள்வி. சிக்கல் 1997-ல் தெரிந்தது. இந்தப் புரதத்தின் மரபணு யு.பி.ஈ.3ஏ. தாயிடமிருந்து வரும் அதன் பிரதி பழுதானால் குழந்தைக்கு ஏஞ்சல்மேன் சிண்ட்ரோம் வரும். பேச்சு வராது, வலிப்பு வரும், நடை தள்ளாடும். மூளைக்கு அவ்வளவு அவசியமான புரதம் இது. ஆளை ஒழிக்க முடியாது. ஈ6-இன் பிடியை விடுவிக்கத்தான் வழி தேட வேண்டும்.

31. 2016-ல் ஈ6, ஈ6-ஏ.பி.யின் ஒரு பகுதி, பி53-இன் மையப்பகுதி மூன்றும் கட்டிப்பிடித்திருக்கும் வடிவத்தை அணு அணுவாகப் படம் எடுத்துவிட்டார்கள். எந்த இடத்தில் பிடி இருக்கிறது என்பது தெரியும். அதை விடுவிக்கும் மருந்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அறுக்கிற மெஷினையே தடுக்கும் போர்ட்டிசோமிப் என்ற மருந்து 2003 முதல் மல்டிபிள் மைலோமா என்ற வேறொரு புற்றுநோய்க்குப் பயன்பாட்டில் இருக்கிறது. கர்ப்பப்பை வாய்க்கு இன்றும் அறுவை, கதிர்வீச்சு, கீமோதான் முக்கிய சிகிச்சை.

32. ஆனால் வைரஸை உள்ளேயே விடாமல் தடுக்கலாமே? 1991-ல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இயான் ஃப்ரேசரும் ஜியான் ஜோவும் வைரஸின் வெளி ஓட்டை மட்டும் செய்து காட்டினார்கள். உள்ளே டி.என்.ஏ. கிடையாது. ஈ6 கிடையாது, ஈ7 கிடையாது. காலி தேங்காய் ஓடு மாதிரி. அதிலிருந்து வளர்ந்ததுதான் 2006-ல் வந்த எச்.பி.வி. தடுப்பூசி. ஜோ அதைப் பார்க்க உயிரோடு இல்லை, 1999-லேயே காலமாகிவிட்டார்.

33. தடுப்பூசி வேலை செய்கிறதா? ஸ்வீடனில் 17 வயதுக்கு முன் போட்டுக்கொண்ட பெண்களிடம் இந்தப் புற்றுநோய் 88 சதவீதம் குறைவு என்று 2020-ல் வெளியான ஆய்வு காட்டியது. இந்தியாவில் தயாரான செர்வாவாக் 2022-ல் அனுமதி பெற்றது. 9 முதல் 14 வயதுக்குள் போடுவது மிக நல்லது. ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட வைரஸை இது விரட்டாது. அதனால்தான் சின்ன வயதிலேயே போடச் சொல்கிறோம். "இப்பவே எதுக்கு டாக்டர், அவ சின்னப் பொண்ணு" என்பவர்களுக்கு இதுதான் பதில்.

34. தடுப்பூசி வயதைத் தாண்டிய அம்மாக்கள், அக்காக்கள்? உங்களுக்குப் பரிசோதனை. நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமப் பெண்களிடம் நடந்த ஒரு ஆய்வு 2007-ல் லான்செட் இதழில் வந்தது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறும் இடத்தைக் கண்ணால் பார்த்தார்கள். ஒரே ஒரு முறை செய்த பரிசோதனை, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சை. இந்தப் புற்றுநோயால் வரும் மரணம் 35 சதவீதம் குறைந்தது.

35. வினிகர் மாதிரி ஒரு திரவம், ஒரு டார்ச் லைட், ஒரு செவிலியர். இதை வைத்து உயிரைக் காப்பாற்ற முடியும் என்று உலகத்துக்குச் சொன்னது நம்ம ஊர்ப் பெண்கள்தான். இன்று 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனை இலவசமாகவே செய்யப்படுகிறது. சில நிமிஷ வேலை. வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள்.

36. ஏனென்றால் நம் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் வருகிறது, ஏறக்குறைய 80 ஆயிரம் பேர் இறக்கிறார்கள். இது 2022-ம் ஆண்டு மதிப்பீடு. வைரஸ் நுழைந்து புற்றாக மாறப் பொதுவாகப் பத்து, இருபது வருஷம் ஆகும். கண்டுபிடிக்க அவ்வளவு அவகாசம் கொடுக்கிற புற்றுநோய் வேறு அதிகம் இல்லை.

37. இனி முதல் கேள்விகளுக்கு வருகிறேன். "யார்கிட்ட இருந்து வந்துச்சு?" தெரியாது, தெரிந்துகொள்ளவும் முடியாது. தாம்பத்தியம் உள்ள ஆண், பெண் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது எச்.பி.வி. வந்து போயிருக்கும். பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்குள் உடம்பே விரட்டிவிடும். சிலரிடம் மட்டும் தங்கிவிடும். ஒரே துணையோடு வாழ்ந்தவருக்கும் வரும். எப்போது நுழைந்தது என்று எந்த டெஸ்ட்டும் சொல்லாது. இதை வைத்து வீட்டில் பஞ்சாயத்து வைப்பது மருத்துவமும் இல்லை, நியாயமும் இல்லை.

38. "நான் என்ன தப்பு பண்ணேன்?" நீங்க எதுவும் பண்ணலம்மா. உங்க உடம்பில் காவலரும் நல்லவர், பெயிண்ட்காரரும் நல்லவர். நடுவில் ஒரு வைரஸ் புகுந்து கையைத் திருப்பிவிட்டது. சிகிச்சைக்கு வாங்க, மிச்சத்தை நாங்க பார்த்துக்கிறோம். கூட வந்தவங்க கேள்வியை விட்டுட்டு, ரேடியேஷன் நடக்கிற வாரங்களில் கூட இருங்க. அது போதும்.

39. இதைப் படிப்பவர்கள் இரண்டே காரியம் செய்தால் இந்த இழை எழுதியதற்குப் பலன். வீட்டில் 9 முதல் 14 வயதுப் பெண் குழந்தை இருந்தால் தடுப்பூசி பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் 30 தாண்டிய பெண் இருந்தால் "டெஸ்ட் பண்ணியாச்சா?" என்று இன்றைக்கே கேளுங்கள். சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள், டியூட்டி முடிந்து வந்து பதில் சொல்கிறேன்.